மேல்காட்டுக் கேட்டு

மார்ச் 19, புதன்

ரசப்பொடி டப்பாவைக் காலையிலிருந்து தேடினேன். கடைசியில் ஃப்ரிட்ஜில் பால் பக்கத்தில் இருந்தது. வைத்தவள் ஐரீன். மருமகன் மார்ட்டினைப் பெற்றவள், எனக்குச் சம்பந்தி. கேட்டால், தான் வைக்கவே இல்லை என்று தலையை ஆட்டினாள். வைத்தது அவளுக்கு நினைவில்லை. எனக்கு, அந்த டப்பாவில் கோவில்பட்டியில் பொடி திரித்த அன்றைக்கு மில்லில் யார் யார் நின்றார்கள் என்பது வரை நினைவிருக்கிறது.

இது இங்கிலீஷ் சீமையில் யார்க்‌ஷயர் ஜில்லா. மகள் கோதை வாக்கப்பட்டு வந்த ஊர். எங்கே பார்த்தாலும் பச்சை, பச்சையில் வெள்ளை வெள்ளையாகச் செம்மறி. பண்ணையில் பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றைச் சுத்தம் பண்ணிக் கட்டில் போட்டு, சுற்றிப் பார்க்க வருகிற ஜனத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தொழுவத்தில் படுக்கத் துட்டுக் கொடுக்கிற ஜனம்! அவர்களுக்காக அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது: இடிந்த கோயில், கோட்டை, அருவி, கல் பாவின சந்தை. "ஒவ்வொண்ணா உன்னையும் கூட்டிட்டுப் போறேம்மா" என்றாள் கோதை. எனக்குக் குளிர் விட்டால் போதும்.

இன்றைக்குத்தான் ஐரீன் அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் என் சேலை தொங்குகிறது. கல்யாணத்தன்று என் கையால் கொடுத்த அரக்குப் பட்டு. நடுவே வெட்டி இரண்டு திரையாக மாட்டியிருக்கிறாள்.

"தெனமும் கண்ணு முழிச்சதும் அதைத்தான் பாக்கணும்னு ஆசைப்பட்டு மாட்டினாங்கம்மா" என்றாள் கோதை.

"சேலைன்னா கட்டணும்ட்டி. மாட்டக் கூடாது."

அந்தக் கல்யாணப் பந்தியில் அப்பளத்தையும் பழத்தையும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தவள்தானே. எட்டு வருசம் ஆயிற்று. இலையில் அவள் தொடாமல் விட்டது என்னென்ன என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

மார்ச் 22, சனி

ஆடுகள் குட்டி போடுகிற நேரம். மார்ட்டின் கொட்டகையிலேயே கிடக்கிறார். சட்டையெல்லாம் சளியும் ரத்தமும். கோதை எம்.எஸ்ஸி படித்தவள், முழங்கை வரை கையை விட்டுக் குட்டியை இழுத்துப் போடுகிறாள். பிறந்து கொஞ்சம் தேறின குட்டிகளைத் தாயோடு மேலே மலைச் சரிவுக்கு ஓட்டிவிடுகிறார்கள். நான் அதை மேல்காடு என்கிறேன். வீட்டை ஒட்டினது கீழ்காடு. இரண்டுக்கும் நடுவே இரும்புக் கேட்டு.

மேல்காட்டு ஆடுகள் ஐரீன் பொறுப்பு. எழுபத்தெட்டு வயது. ஒரு கம்பு, மெக் என்று ஒரு நாய். சாயங்காலம் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மற்றபடி மறதி. மெக்குக்கு இரண்டு தடவை தீனி வைக்கிறாள். எனக்குச் சீனி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் போட்டுக் கலக்கினாள். என் பேர் சீனியம்மாள், அதற்காக இப்படியா என்று கோதையிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வந்த அன்றைக்கே கோதை எனக்கு ஒரு சட்டம் சொன்னாள். "இங்க எந்தக் கேட்டும் திறந்திருந்தா திறந்தே இருக்கட்டும், சாத்தியிருந்தா சாத்தியே இருக்கட்டும். நீ போனாலும் வந்தாலும் இருந்தபடியே விட்டுடு." சரி சரி என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது. கால் மரத்துப் போகிறதே என்று மேல்காடு வரை நடந்தேன். மேலே நின்று பார்த்தால் கல்சுவர் கல்சுவராகத் தாண்டி, தூரத்தில் அந்த இடிந்த கோயில் கோபுரம் தெரிகிறது. நல்ல காட்சிதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

திரும்பும்போது பார்த்தால் கேட்டு ஆவென்று திறந்து கிடக்கிறது. சற்று முன்னால்தான் ஐரீன், சாயங்காலம் வரை காத்திராமல் ஏறி வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். மறந்து திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் அய்யா படலைத் திறந்து போட்ட ஒரு நாளில்தான் எங்கள் ஆடு பெரிய வீட்டுக்காரர் பருத்திக்குள் இறங்கியது. அதில் மூண்ட சண்டையில் அந்த வீட்டாரோடு எனக்கு இன்றைக்கு வரைக்கும் பேச்சில்லை. கேட்டை இழுத்துச் சாத்தி, நீலக் கயிற்றைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டேன். வீட்டில் நுழையும்போது ஐரீன் அடுப்பங்கரையில் இருந்தாள். மனசுக்குள், உன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருகிறேன் தாயி என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் வானம் கறுத்துவிட்டது. காற்று ஊளையிடுகிறது.

மார்ச் 26, புதன்

பனி கொட்டியிருக்கிறது. பருப்புக் கடைந்தேன். கோசுப் பொரியல். கோதை சாப்பிடவில்லை.

மேல்காட்டில் ஐந்து குட்டிகள் செத்துப் போயின. தாய் ஒன்றும்.

மார்ச் 27, வியாழன்

நேற்றே எழுதியிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

கோதை அழுதுகொண்டே சொன்னது இது. பனிக்காற்று வரும் என்று தெரிந்தால் மேல்காட்டுக் கேட்டைத் திறந்து விட்டுவிட வேண்டும். ஆடுகள் தானாகக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கீழ்காட்டுச் சுவர் மறைவுக்கு இறங்கிவிடும். அன்றைக்குக் கேட்டு சாத்திக் கிடந்திருக்கிறது. ஆடுகள் கேட்டோரமாகவே நின்றிருக்கின்றன, விடியும் வரைக்கும். குட்டிகள் விறைத்துக் கிடந்ததும் கேட்டோரமாகத்தான்.

மத்தியானம் மேசையில் மார்ட்டின் தன் தாயிடம் கேட்டார். கேட்டு என்கிற வார்த்தை எனக்குப் புரிந்தது. மற்றதைக் கோதை பிறகு சொன்னாள்.

"கேட்டைத் திறந்து விட்டியாம்மா?"

"திறந்தேன். வானத்தைப் பாத்துட்டுத்தான் திறந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அது கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு."

"திறந்தேன்னுதான் நெனைக்கிறேன்."

மார்ட்டின் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "வரும்போது பழக்கத்துல சாத்திட்டேன் போல" என்றாளாம்.

நான் அடுப்போரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். தோல் போய், சதையும் போய், எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 29, சனி

இடிந்த கோயிலுக்குப் போனோம். ஐரீனும் வந்தாள். அவளைத் தனியாக விட வேண்டாம் என்று மார்ட்டின் சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து மேல்காட்டுக்கும் அவரே போகிறார். கம்பு கதவு மூலையில் சாத்தியிருக்கிறது. மெக் அதன் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது.

கோயில் பெரிசு. கூரை இல்லை. தரையெல்லாம் புல். தூண்கள் மட்டும் வானத்துக்கு நிற்கின்றன. இங்கிருந்த சாமியார்மார் ஆடு வளர்த்து மயிர் விற்றுத்தான் இவ்வளவும் கட்டினார்களாம். கோதை பலகையைப் படித்துச் சொன்னாள். இங்கே வந்தும் ஆடுதானா என்றிருந்தது எனக்கு.

உள்ளே போக ஒரு சின்னக் கம்பிக் கேட்டு, பாதி திறந்து நின்றது. மேலே படாமல் ஒருக்களித்து நுழைந்தேன்.

"என்னம்மா நண்டு மாதிரி போற? தள்ளிட்டுப் போ."

"இருந்தபடியே இருக்கட்டும்னு நீதானட்டி சொன்ன."

"அது பண்ணையிலம்மா. இங்க டிக்கெட்டு வாங்கியிருக்கோம்."

உட்கார்ந்து சாப்பிட்டோம். ஐரீன் எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டி வந்திருந்தாள். முட்டை இல்லாமல், கறி இல்லாமல், தக்காளியும் வெள்ளரிக்காயும் வைத்த ரொட்டி. நான் என்ன தின்ன மாட்டேன் என்பது மட்டும் இவளுக்கு மறக்கவில்லை. பேத்தி எல்லிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கோட்டை பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். ஐரீன் முத்துமாலை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி வந்தாள். கோட்டையில் ஏகப்பட்ட படி. ஏறிப் பார்த்தோம், இறங்கினோம், டீ குடித்தோம். பிறகு அதே டவுனில் ஒரு பெரிய வீட்டு முன்னால் கார் நின்றது.

வயசானவர்கள் இருக்கிற இடம். வாசலில் பூத்தொட்டி. உள்ளே கதகதப்பு, மருந்து வாடை, டி.வி. முன்னால் வரிசையாகத் தலைகள். சிரித்த முகமாக ஒருத்தி வந்து எல்லாம் சுற்றிக் காட்டினாள். ஒரு அறை காலியாக இருந்தது. ஐரீன் ஜன்னலண்டை போய் நின்று என்னவோ கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். மார்ட்டின் வெளியே போய்விட்டார்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இங்கிருந்து ஆடு தெரியுமான்னு" என்றாள் கோதை.

ஜன்னலுக்கு வெளியே கார்கள்தான் நின்றன.

திரும்பும்போது காரில் ஐரீன் நல்ல உற்சாகம். தோட்டம் நன்றாக இருக்கிறது, ஆட்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்றாளாம். பிறகு, "யாருக்காகப் பாத்தோம்?" என்று கேட்டாளாம். எல்லி பாடிக்கொண்டே வந்தது. அதனால் தப்பித்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

சின்ன வெங்காயம் கிடைத்தது. உரித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மேல்காட்டுக்குப் போகக் கூடாது என்றதிலிருந்து ஐரீன் அடுப்பங்கரை ஜன்னலில் உட்கார்ந்துகொள்கிறாள். தாய் ஆடு கத்தினால் எழுந்து நிற்கிறாள். மார்ட்டின் மேலே போவது தெரிந்தால் உட்காருகிறாள். எதிர்நாற்காலியில் நான். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. நல்ல வசதி என்று நினைத்திருந்தேன்.

அந்த வயசானவர்கள் வீட்டில் அறை காலியாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டுமாம். திங்கட்கிழமை போன் பண்ணிச் சரி என்று சொல்லப் போகிறார்களாம். கோதை பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேஸைத் திறந்து விட்டதை, மருந்தை ரெண்டு தடவ போட்டதையெல்லாம் பொறுத்துக்கிட்டோம்மா. ஆனா ஆட்டுலயும் தப்புப் பண்ணிட்டாங்கன்னா இனி என்ன இருக்கு? அதுல மட்டும் அவங்களுக்கு மறதி வரவே வராதுன்னு மார்ட்டின் நம்பிட்டிருந்தார்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன். துணி காயப்போடும்போது.

"கோதை, அந்தக் கேட்டைச் சாத்துனது நான்தான்ட்டி."

"எந்தக் கேட்டு?"

"மேல்காட்டுக் கேட்டு. அன்னைக்கு நடந்து போனேன்லா. திறந்து கெடந்துச்சு. நான்தான் இழுத்துச் சாத்தி முடிச்சுப் போட்டேன்."

கிளிப்பை வாயில் கவ்வியபடி என்னையே பார்த்தாள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எம்மா, உனக்கு எம்புட்டுப் பெரிய மனசும்மா."

"என்னது?"

"அவங்களைக் காப்பாத்தணும்னு பழியை உம்மேல போட்டுக்கிற."

"எனக்கா பெரிய மனசு? உங்க சித்தி ஒரு செம்புக்காகப் பேசினதுக்கு இருவது வருசமா அவ வாசல மிதிக்காதவ நான்."

"அதாம்மா சொல்றேன். எட்டு வருசமா அவங்களைக் கரிச்சுக் கொட்டினவ நீ. நீயே இப்பிடிச் சொல்றேன்னா..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மார்ட்டின்கிட்ட இதைச் சொல்லாத. பாவம், வீணா நம்பிருவார்."

கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிவிட்டாள்.

பின்னாலேயே போய் நெசம்தான்ட்டி என்று உலுக்கியிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பெரிய மனசு என்று பெற்ற மகள் வாயால் கேட்டது காதுக்கு இதமாக இருந்தது. என் ஆயுசில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் பூராவும் அந்த இதத்தில் உட்கார்ந்திருந்தேன், பாவி.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஐரீன் வந்து என் தோளைத் தொட்டாள். "சாரி, சீனி" என்றாள். பிறகு கையைத் தாழ்த்திக் குட்டி உயரம் காட்டினாள். "சாரி."

என்னிடம்! குட்டிகள் செத்ததற்கு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். கண் பழுத்துக் கிடந்தது. தான்தான் கொன்றோம் என்று முழுசாக நம்பிவிட்டாள்.

டம்ளரை வைத்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கோட்டு மாட்டிவிட்டேன், கம்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். வேண்டாம், மார்ட்டின் திட்டுவான் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். விடவில்லை. மெக் எங்களை முந்திக்கொண்டு ஓடியது.

பாதை சறுக்கல். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மேலே கேட்டு திறந்திருந்தது.

இழுத்துச் சாத்தினேன். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. நான் ஏதோ தப்புப் பண்ணுகிறேன் என்று முடிச்சை அவிழ்த்துத் திறந்தாள். மறுபடியும் சாத்தினேன். வானத்தைக் காட்டி, விரல்களை உதறிப் பனி பெய்ய வைத்தேன். ஐந்து விரலைக் காட்டித் தரையைக் காட்டினேன். "மீ" என்றேன். "நாட் யூ. மீ." நெஞ்சில் குத்திக் குத்திச் சொன்னேன். "நான்தான் தாயி. நீ திறந்துதான் விட்டுட்டுப் போன. நான்தான் சாத்துனேன்."

முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கயிற்றைப் பார்த்தாள். கையில் எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவள் போடுகிற முடிச்சு இல்லை. வாளிக்குப் போடுகிற எங்கள் ஊர் முடிச்சு.

அப்புறம் பிடித்தாளே! அவ்வளவு சன்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. முகம் செக்கச் சிவந்துவிட்டது. கம்பைத் தரையில் குத்தினாள். குட்டிகள் செத்த இடத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். ஆடுகள் மிரண்டு ஓடின. ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். எதிர்த்துப் பேசாமல் நான் திட்டு வாங்கினது இதுதான் முதல் தடவை.

திட்டிக்கொண்டேதான் இறங்கினாள். முற்றத்தில் மார்ட்டினைப் பார்த்ததும் கயிற்றை அவர் கையில் திணித்து, இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கினாள். கோதை வெளியே ஓடி வந்தாள். கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"நெசமாவாம்மா?"

"நேத்தே சொன்னேன்ட்டி."

மார்ட்டின் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். தாயிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

போன் பண்ணி, இப்போதைக்கு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஐரீன் மெக்கைக் கூட்டிக்கொண்டு மேல்காட்டுக்கு ஏறினாள். மார்ட்டின் அவள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பின்னாலேயே போனார்.

கோதை என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடைசியில் பேசினாள். "அவங்களைக் கேட்டப்பவே நீ அங்கதான உக்காந்திருந்த, கிழங்கு சீவிக்கிட்டு?"

"ஆமா."

"அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பவும்?"

"ஆமாட்டி."

ரொம்ப நேரம் துணி மடித்தாள். "அவங்களுக்கு மறதி இருக்கிறது நெசம்தாம்மா. அது உன்னால வரல. நீ சொன்னதால போகவும் போகாது. ஆனா ஆட்டுல அவங்க தப்பு செய்யல. அது அவங்களுக்குத் தெரியணும். அதை நீ கொஞ்சம் சீக்கிரம் சொல்லியிருக்கலாம்."

பெரிய மனசு என்று சொன்னதை அவள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நானே கழற்றி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஐரீன் காலையில் வந்து என் தோளைத் தொட்டாள். "சாரி, சீனி." குட்டி உயரம் காட்டினாள்.

மறந்துவிட்டாள். நான் சொன்னது மறந்துவிட்டது, தான் கொன்றோம் என்று நம்பினது மட்டும் நிற்கிறது. மறதியிலும் இப்படி ஒரு ஓரவஞ்சனை.

கோட்டு மாட்டிவிட்டேன். கூட்டிப்போனேன். சாத்தினேன், முடிச்சுப் போட்டேன், நெஞ்சைத் தொட்டேன். அதே திட்டு. அதே சிவப்பு. இறங்கும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றைக்கும் போனோம். பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போக வழியில்லை. காவடி எடுத்த மாதிரி இருந்தது, ஏறினது.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காய் இல்லை. புளிப்பு ஆப்பிளில் பண்ணினேன். ஐரீன் ஒரு கிண்ணம் முழுதும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு என் தோளைத் தொட்டாள். "சாரி" என்று ஆரம்பித்தாள்.

ஏறினோம். புல்லில் மஞ்சள் பூ வந்திருக்கிறது. உயிரோடிருக்கிற குட்டிகள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கேட்டைச் சாத்தினேன். முடிச்சுப் போட்டேன். "மீ" என்றேன்.

முகம் சிவந்தது. கம்பை ஓங்கினாள். சத்தம் எழும்பியது. நான் தலையைக் குனிந்து நின்றேன். சட்டென்று நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கம்பு அந்தரத்தில் நிற்கிறது, அவள் என்னைப் பார்க்கிறாள். எதற்காகக் கத்திக்கொண்டிருந்தோம் என்பது நழுவிவிட்டது. தேடுகிறாள். கிடைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

முடிச்சை அவிழ்த்துக் கேட்டைத் திறந்து விட்டாள். சறுக்கலுக்குப் பயந்து என் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள். மிச்சத் திட்டை வாங்காமலே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.